கால் கேட்ட குதிரை

கிரீன் மெடோஸ் குடியிருப்பின் டேபிள் டென்னிஸ் மேசை மேல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, காகிதக் குதிரை கண் திறந்து எங்களைப் பார்த்தது, பார்த்துவிட்டுக் கனைத்தது, நாங்கள் அப்போது பத்தடி தள்ளி நாற்காலி போட்டுத் தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றிக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்ததால், யாருடைய போன் அது என்று செக்ரெட்டரி சந்தானம் கேட்டார், எல்லோரும் அவரவர் போனை எடுத்துப் பார்த்தோம், யாருடையதும் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி தண்ணீர்த் தொட்டிக்கே திரும்பிப் போனோம். இரண்டாவது கனைப்புக்குப் பிறகுதான், கையெல்லாம் பெயின்ட்டோடு ஆறு வயசு ஜோவிதா ஓடிவந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "ஆன்ட்டி, அது கால் கேக்குது" என்றாள்.

இதற்கெல்லாம் நான்தான் காரணம், மறைக்க ஒன்றுமில்லை. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. பெயரில்தான் பசும்புல், தரையில் சிமென்ட். வருஷா வருஷம் இங்கே ஆண்டு விழா நடக்கும். சென்ற வருஷம் கிராமியக் கலை என்று நோட்டீஸில் போட்டு, ஆறு பெண் குழந்தைகள் பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். குடத்தில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைக்கூட யாரும் கிழிக்கவில்லை. இதற்குப் பெயர் கிராமியக் கலை என்றால் எங்கள் வீட்டு மிக்ஸிக்குப் பெயர் நாதஸ்வரம் என்று நான் மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் நான் மெதுவாகச் சொல்வது நாலு வரிசை தள்ளியும் கேட்கும். அதனால் இந்த வருஷம் சந்தானம், "அப்போ நீங்களே பண்ணுங்க மேடம்" என்றார். இப்படிச் சொன்னால் குடும்பப் பெண்கள் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்பது அவர் அனுபவம். நான் உட்காரவில்லை.

தஞ்சாவூரில் காந்திமதி என்று ஒருத்தி, பொய்க்கால் குதிரை ஆடுகிறவள். இடுப்பைச் சுற்றிக் குதிரைக் கூட்டை மாட்டிக்கொண்டு, மேலே ராணி மாதிரி நிமிர்ந்திருந்து, கீழே துணி மறைப்புக்குள் தன் காலையே குதிரைக்குக் காலாகக் கொடுத்து ஆடுகிற ஆட்டம் அது. கற்றுக்கொடுக்க வர முடியுமா என்று போனில் கேட்டேன். தை முடிகிற வரை தேதி இல்லை, நடுவில் துபாய் வேறு போக வேண்டும் என்றாள். மூங்கில் கூட்டை மட்டும் பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன், காகிதம் ஒட்டுவது, வர்ணம் அடிப்பது, பாவாடை தைப்பது எல்லாம் உங்கள் பிள்ளைகள் பாடு என்றாள். காலில் கட்டுகிற கட்டையை அனுப்ப மாட்டேன், விழுந்தால் உங்கள் ஊர்க்காரர்கள் என்னைக் கோர்ட்டுக்கு இழுப்பார்கள், வெறுங்காலில் ஆடட்டும் என்றாள். போனை வைக்கும்போது ஒன்று சொன்னாள்.

"கண்ணை மட்டும் கடைசியா எழுதுங்கக்கா. எல்லாம் முடிஞ்சு, ஒரு ஆளு உள்ள நின்னு சுத்தி வந்தப்பறம். தன் கால் எதுன்னு குதிரைக்குத் தெரிஞ்ச பின்னாடிதான் கண்ணு."

இதை நான் பதினோரு பிள்ளைகளிடம் அப்படியே ஒப்பித்தேன். பதினோரு தலையும் ஆடியது. பிறகு தண்ணீர்த் தொட்டிக் கூட்டத்துக்குப் போனேன், ஏனென்றால் போகாவிட்டால் அந்தத் தொட்டியை இன்னும் ஆறு மாசத்துக்குக் கழுவ மாட்டார்கள். நான் நகர்ந்ததும் ஜோவிதா கண்ணை எழுதிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. வீடு வரைந்தாலும் சூரியன் வரைந்தாலும் முதலில் அதற்குக் கண் வைக்கிற வயசு அவளுக்கு. கழுத்தில் பாதிக்கு இன்னும் செய்தித்தாள் தெரிந்துகொண்டிருந்தது, வால் ஒட்டவில்லை, பாவாடை தைக்கவில்லை, ஆனால் கண் இரண்டும் இமை மயிரோடு அகலமாகத் திறந்துகொண்டு, தனக்குக் கீழே ஒன்றுமில்லை என்பதை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

முதலில் கால் கொடுத்தவள் நிகிதா. சந்தானத்தின் மகள், பதின்மூன்று வயசு. தண்ணீர் குடிக்கவும் அனுமதி கேட்கிற பெண். அன்றைக்கு யாரையும் கேட்காமல் கூட்டுக்குள் புகுந்து, வாரைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். நின்றவள் போனாள். பேட்மின்டன் தளத்தை மூன்று சுற்று, யாரும் சொல்லித் தராத அடவு, முன்னால் இரண்டு எட்டு, பக்கவாட்டில் ஒரு துள்ளல், திரும்பும்போது குதிகாலில் ஒரு தட்டு. வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "நான் ஆடலை ஆன்ட்டி. அது என் காலை வாங்கிக்கிச்சு. அப்புறம் திருப்பிக் குடுத்துச்சு. ஆனா குடுக்கறப்ப கொஞ்சம் கூடவே குடுத்திருக்கு."

அதற்குப் பிறகு எங்கள் குடியிருப்பில் ஒரு குதிரை இருந்தது, அவ்வளவுதான். மழை வந்தால் மொட்டை மாடித் துணியை எடுப்பது மாதிரி எங்கள் வேலைகளோடு அதுவும் ஒரு வேலையாகிவிட்டது. அது காகிதம்தான் தின்றது, அதிலும் கையெழுத்துக் காகிதம் மட்டும். ஏ பிளாக்கில் ஒரு தாய் பழைய வினாத்தாள் கட்டை வைத்துப் பார்த்தாள், முகர்ந்துவிட்டுத் தும்மியது. ஜெராக்ஸ் வைத்தால் மூக்கால் தள்ளியது. ஆகவே பிள்ளைகள் அதற்காகப் பக்கம் பக்கமாக எழுத ஆரம்பித்தார்கள், இரண்டு வருஷமாகக் கையெழுத்துப் பயிற்சி வகுப்புக்குப் போயும் வராத கையெழுத்து வந்தது. கால்நடை மருத்துவர் வந்து தட்டிப் பார்த்து, உள்ளே மூங்கில்தான் இருக்கிறது, இதற்கு ஊசி போட இடமில்லை என்று போய்விட்டார். தரைத்தளத்துப் பல் டாக்டர் அன்வர், வந்ததற்குப் பல்லையாவது பார்க்கிறேன் என்று பார்த்து, நன்றாக இருப்பதாகச் சொன்னார். சங்கம் இதை எந்த விதியில் சேர்ப்பது என்று மூன்று வாரம் பேசியது. செல்லப்பிராணி என்றால் பத்து கிலோவுக்குள் இருக்க வேண்டும், இருந்தது, ஆனால் சங்கிலி கட்டாயம் என்று விதி, கட்ட இடமில்லை. வாகனம் என்றால் ஸ்டிக்கர் வேண்டும். இசைக்கருவி என்றால் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை சத்தம் கூடாது. கடைசியில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், பைக் நிறுத்துமிடத்தில் ஒரு கட்டம் ஒதுக்கினார்கள், அந்தத் தீர்மானத்தைக் கையால் எழுதியிருந்த நோட்டை மேசையில் வைத்துவிட்டுத் தேநீருக்கு எழுந்தார்கள், வந்து பார்த்தபோது அட்டை மட்டும் கிடந்தது.

தினமும் சாயங்காலம் அதற்குக் கால் வேண்டும். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். உள்ளே போய் வந்த ஒவ்வொன்றும் கொஞ்சம் கூடுதலான காலோடு வந்தது. ஒரு மாசத்தில் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் யாரும் சாதாரணமாக நடப்பதில்லை; லிஃப்டுக்குப் போகும்போது துள்ளல், பள்ளிப் பேருந்துக்கு வரிசையாகப் போகும்போது நாற்பது குதிகாலும் ஒரே தட்டு, பால் பாக்கெட் வாங்கிவரச் சொன்னால் பக்கவாட்டில் போய்ப் பக்கவாட்டில் வந்தார்கள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்ட ஊர் சொந்தக்காரர்களிடம், குதிரை சொல்லிக் கொடுத்தது என்றார்கள். குதிரைக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால், அதற்கு முன்னால் இருந்த கால்கள் என்றார்கள். இவ்வளவு நல்ல பதிலை எந்தச் சொற்பொழிவிலும் நான் கேட்டதில்லை. காந்திமதிக்கு வீடியோ அனுப்பினேன். "கண்ணை முன்னாடியே எழுதிட்டீங்கல்ல" என்று மட்டும் பதில் போட்டாள்.

பிறகு பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் காலை வழிபாட்டில் நின்ற இடத்தில் தட்டுகிறார்கள், மற்ற பிள்ளைகளும் தட்டுகிறார்கள், வராந்தாவில் ஒழுங்கு கெடுகிறது, கவனிக்கவும். நான் படித்தது கான்வென்ட். பன்னிரண்டு வருஷம் எனக்கு அங்கே ஷேக்ஸ்பியரும் குரோஷா பின்னலும் சொல்லித் தந்தார்கள், நன்றாகவே சொல்லித் தந்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாகச் சத்தமில்லாமல் நடக்கச் சொல்லித் தந்தார்கள். ஆறாம் வகுப்பில் ஒருநாள் தெருவில் மேளத்தோடு இரண்டு குதிரைகள் ஆடிக்கொண்டு போயின, சிஸ்டர் ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார், சாத்தினவள் நான்தான், ஏனென்றால் நான் வகுப்புத் தலைவி. அந்த ஜன்னலின் கொக்கி எந்த விரலில் பட்டது என்று இன்றைக்கும் சொல்வேன். கடிதத்தைப் படித்துவிட்டு, காலே இல்லாத பிள்ளைகள் வேண்டுமென்றால் மெழுகுவர்த்தி வாங்கி வரிசையாக நிறுத்திக்கொள்ளட்டும் என்று சொன்னேன். என் கணவர் இன்னாசி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் சத்தத்துக்குள் வேலை பார்த்தவர். "கொஞ்சம் மெதுவா, லூர்து" என்றார்.

சந்தானம் அவசரக் கூட்டம் போட்டார். அவர் கெட்டவர் இல்லை, நோட்டீஸ் போர்டில் பிறந்தவர், அவ்வளவுதான். அரையாண்டுத் தேர்வு வருகிறது, டியூஷனில் பிள்ளைகள் மேசைக்குக் கீழே தட்டுகிறார்கள், நிகிதாவுக்குக் கணக்கில் பதினேழு மதிப்பெண் குறைந்திருக்கிறது என்று, தன் மகள் என்பதால் பெயர் சொல்லாமல், ஆனால் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சொன்னார். நான் எழுந்து, அந்தப் பதினேழையும் குதிரையா தின்றது, அது கையெழுத்தைத்தானே தின்கிறது என்றேன். யாரும் சிரிக்கவில்லை. தேர்வு முடிகிறவரை பதினெட்டு வயதுக்குட்பட்ட யாரும் குதிரையிடம் போகக் கூடாது, மாலை நேரத்தில் கீழே இறங்கவும் கூடாது, குதிரை ஜிம் அறையில் பூட்டப்படும் என்று தீர்மானமானது. முப்பத்தெட்டுக் கை தூக்கினார்கள். தூக்கின கைகளில் பாதி, போன வாரம் தன் பிள்ளை ஆடுவதைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பின கை.

ஜிம் அறைக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே யாரும் ஓடாத இரண்டு டிரெட்மில்லுக்கு நடுவில் குதிரை உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. முதல் நாள் வருகிறவர் போகிறவர் எல்லோருடைய முட்டிக்குக் கீழே மட்டும் பார்த்தது. இரண்டாம் நாள் கழுத்துக் காகிதம் தொய்ந்தது. பார்ப்பதைத் தவிர்க்க டாக்டர் அன்வர் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார், அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். மூன்றாம் நாள் இடது கண்ணில் கறுப்பு உரிய ஆரம்பித்தது, மையாக வடியாமல் செதில் செதிலாக விழுந்தது. பிள்ளைகள் பால்கனிகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அழவில்லை, அழுதிருந்தால் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து முடித்திருப்பார்கள். எல்லோரும் ரொம்ப ஒழுங்காக நடந்தார்கள், ஒரு சத்தம் இல்லை. நிகிதா இரண்டாம் மாடியிலிருந்து கீழே பேருந்துக்கு வர லிஃப்டில் வந்தாள், வந்து சுவரில் சாய்ந்துகொண்டாள், காலை எங்கேயோ மடித்து வைத்துவிட்டு வந்தவள் மாதிரி.

காந்திமதியைக் கூப்பிட்டேன். மறுபடி கண் எழுதிவிடலாமா என்று கேட்டேன்.

"பெயின்ட்டுல என்னக்கா இருக்கு. கால் தெரியறதுக்கு முன்னாடி கண்ணு தெறந்த குதிரை அது. அதுக்குன்னு சொந்தக் கால் கிடையாது, வர்ற காலெல்லாம் அது கால்தான். வரலைன்னா பாத்துக்கிட்டே இருக்கும். பாத்துப் பாத்து நிறுத்திரும்." மூன்று சுற்று, நடுவில் நிற்காமல், ஒரே மூச்சில் யாராவது கொண்டுபோனால் பிழைக்கும் என்றாள். நின்றுவிட்டால் அந்தச் சுற்று சேராது.

பிள்ளைகளைப் பூட்டி வைத்திருக்கிறார்களே என்றேன்.

"ஏன், பிள்ளைங்களுக்கு மட்டும்தான் காலா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். மேடைக்கு நேரமாகிவிட்டதாம்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயசு, எழுபத்துநாலு கிலோ, வலது முட்டியில் தேய்மானம். இதையெல்லாம் எண்ணிக்கொண்டு ஒருநாள் முழுக்க அடுப்படியில் நின்றேன். சனிக்கிழமை மூன்றரை மணிக்கு சந்தானத்தின் மனைவி கோமதி கதவைத் தட்டினாள். நிகிதா மாதிரியே அதிகம் பேசாதவள், அல்லது நிகிதா இவளை மாதிரி. கையில் ஒரு கொத்துக் கருவேப்பிலை. "நீங்க கேட்டீங்களேக்கா" என்றாள். நான் கேட்கவில்லை. கேட்கவில்லையே என்று சொல்ல வாயெடுத்தபோது இலைகளுக்கு நடுவில் ஜிம் அறைச் சாவி தெரிந்தது. கொத்தோடு வாங்கிக்கொண்டேன். நைட்டியில் இருந்தேன், மேலே ஒரு துண்டு. புடவை மாற்றப் போனால் மனசும் மாறிவிடும் என்று அப்படியே இறங்கினேன்.

ஜிம் அறையைத் திறந்து குதிரையைத் தூக்கினேன். காய்ந்த துணி மூட்டை கனம்கூட இல்லை. பேட்மின்டன் தளத்தில் வைத்து உள்ளே புகுந்தேன். புகவில்லை. பிள்ளைகள் இடுப்புக்குக் கட்டின வளையம் என் தொடையிலேயே நின்றுவிட்டது. சமையலறைக் கத்தி எடுத்து வந்திருந்தேன், முன்பக்கம் முடிச்சில் வைத்தேன்.

"அங்க இல்ல ஆன்ட்டி." இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து நிகிதா. அந்தப் பெண் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "அங்க வெட்டினா கழுத்து போயிடும். சைடுல ரெண்டு கயிறு இருக்கு பாருங்க, அதை மட்டும் அவிழுங்க. மூங்கில் தானா விரியும்."

அவிழ்த்தேன். விரிந்தது. மூச்சைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு, துண்டைக் கிழித்துக் கயிறாக்கிக் கட்டி, வாரைத் தோளில் போட்டு நின்றேன். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு கீழேயிருந்து யாரோ கேட்டு வாங்குவது போல, பிடுங்காமல், ரொம்ப மரியாதையாக, என் கால் என்னிடமிருந்து போனது. பன்னிரண்டு வருஷம் சத்தமில்லாமல் நடந்த கால் அது, அதற்குப் பிறகு முப்பது வருஷம் அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவில் நின்ற கால். என்னைவிட அதற்குத்தான் அவசரம். குதிகால் சிமென்ட்டில் பட்ட முதல் தட்டு எனக்கே திடுக்கென்றது.

அழகாக ஆடினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். மேலே பால்கனிகளில் பிள்ளைகள் கத்தினார்கள்: இடது, ஆன்ட்டி, இடது, துள்ளும்போது கீழே பார்க்காதீங்க, வயிறை உள்ள இழுங்க. கீழே இறங்கக் கூடாது என்றுதானே தடை, நின்ற இடத்திலேயே அத்தனை பேரும் தட்டினார்கள், நாலு மாடி பால்கனியும் ஒரே தாளத்தில் அதிர்ந்தது, கொடியில் காய்ந்த துணியெல்லாம் கிளிப்போடு குதித்தது. பெரியவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். சந்தானம் இரண்டு கமிட்டிக்காரர்களோடு வந்து என் வழியில் நின்றார்.

"மேடம், தயவுசெஞ்சு இறங்குங்க. தீர்மானம் இருக்கு."

"இறங்க இது டவுன் பஸ் இல்லை சார். தீர்மானம் பதினெட்டு வயசுக்குக் கீழ. எனக்கு அரையாண்டுப் பரீட்சை கிடையாது. தள்ளுங்க, என் கால் என் கையில இல்லை."

தள்ளினார். முதல் சுற்று முடிந்தது, குதிரையின் கழுத்து நிமிர்ந்தது. இரண்டாவது சுற்றின் பாதியில் முட்டி என்னைக் கைவிட்டுவிட்டது. நான் நின்றேன். எவ்வளவு திட்டியும் அது மறுபடி மடங்கவில்லை. வாரைக் கழற்றி வெளியே வந்து தரையில் உட்கார்ந்தேன், மூச்சு கிடைக்கவில்லை, அதனால் பேச்சும் கிடைக்கவில்லை, அந்தக் குடியிருப்பில் எனக்குப் பேச்சு கிடைக்காத முதல் சாயங்காலம் அதுதான். பால்கனிகள் அடங்கின. குதிரை உரிந்த கண்ணோடு சுற்றி நின்ற பெரியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது, முட்டிக்குக் கீழே. அன்வர் செருப்பைப் பார்த்தார். இன்னொருவர் பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். அத்தனை பேர் நின்றோம், எத்தனை கால் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

"சரி, முடிஞ்சுது. உள்ள வச்சுப் பூட்டிடலாம்" என்றார் சந்தானம். குரலில் சந்தோஷம் இல்லை, அதையும் சொல்ல வேண்டும்.

கோமதி கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்தாள். புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகினாள். அவள் கணுக்காலை நாங்கள் யாரும் பார்த்ததில்லை, சந்தானமே வெளிச்சத்தில் பார்த்திருக்க மாட்டார் என்பது அவர் நின்ற நிலையில் தெரிந்தது. கூட்டுக்குள் புகுந்து, வாரைத் தோளில் போட்டு, நிமிர்ந்தாள். போனாள்.

முதல் சுற்று, தளத்தின் கோட்டை ஒட்டி. இரண்டாவது சுற்றில் துள்ளல் வந்தது, குதிரை கனைத்தது, குதிரைதானா அவளா என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. மூன்றாவது சுற்றில், திரும்புகிற மூலையில், அந்தக் குதிகால் தட்டு அவளுக்கு வரவில்லை. வலது போட்டாள், தடுமாறினாள், இடது போட்டாள், கூடு சாய்ந்தது. நிற்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். நின்ற இடத்திலேயே தட்டிக்கொண்டு, முகமெல்லாம் வேர்வையோடு, அண்ணாந்து பார்த்தாள்.

"நிகிதா, கீழ வா. இந்தத் திருப்பம் எனக்கு வர மாட்டேங்குது. வந்து அம்மாவுக்குச் சொல்லிக் குடு."

சந்தானம், "கோமதி" என்றார். அவள் தட்டிக்கொண்டிருந்தாள்.

பால்கனியில் அந்த இடம் காலியானது. பிறகு படிக்கட்டில் சத்தம் கேட்டது, லிஃப்ட் இல்லை, படிக்கட்டு. முதலில் ஒரு ஜோடிக் கால், இரண்டாம் மாடியிலிருந்து, படிக்கு ஒரு தட்டு. அப்புறம் மேலே மூன்றாம் மாடியில், நாலாம் மாடியில், அந்தப் பக்கம் ஏ பிளாக்கில், பூட்டின கதவுகள் திறந்து எல்லாப் படிக்கட்டிலும் ஒரே நேரத்தில் இறங்குகிற சத்தம். சந்தானம் படிக்கட்டு வாசலுக்கு நேரே நின்றுகொண்டிருந்தார். ஒதுங்கினார். ஒதுங்காமல் நின்றிருந்தால் மிதித்துக்கொண்டுதான் போயிருப்பார்கள். நான் தடுத்திருக்க மாட்டேன்.